ஊராத்துறைக் கல்லும் எங்கள் வளவுச் சில்லும்

நேயர்களே, கெந்தி விளையாடுவதற்கு நல்ல சில்லு வேண்டும் என்பது தீவகத்திற் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஓட்டுத் துண்டு எறிந்ததும் உடைந்துவிடும். சிரட்டைத் துண்டு காற்றில் விலகிப் போய்விடும். பீங்கான் சில்லு ஒன்றுதான் எறிந்த கட்டத்தில் அசையாமற் கிடக்கும். எங்கள் வளவின் கடற்கரைப் பக்கத்தில், பனை வடலிகளுக்கிடையே நீண்டு கிடந்த மணற்பிட்டியில், மாரி மழை ஓய்ந்ததும் அத்தகைய சில்லுகள் தாமாகவே மேலே வந்து கிடக்கும். சில வெள்ளை, சில இளம்பச்சை, சிலவற்றின் விளிம்பில் மட்டும் மெருகு வழிந்து தடித்திருக்கும். நான் அவற்றைப் பொறுக்கி ஒரு பால்மாப் பேணி நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். ஒருநாள் அம்மாவுக்கு அந்தப் பேணி தேவைப்பட்டது. "உந்தக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டடா" என்றார். கிணற்றடியிற் சேறாகக் கிடந்த பள்ளத்திற் கொட்டி, காலால் மிதித்துச் சமப்படுத்தினேன். பள்ளம் நிரம்பியது. அம்மா மெச்சினார்.

1977 ஆம் ஆண்டு, வேலணைத் தீவின் வாசலில் இருக்கும் அல்லைப்பிட்டியில் சீனப் பீங்கான்கள் தற்செயலாக வெளிப்பட்டன. பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவுக்குள் நுழைபவர் முதலிற் காணும் ஊர்களில் அதுவும் ஒன்று. ஜோன் கார்ஸ்வெல் என்னும் ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அவை பெரும்பாலும் தென்சீனச் சூளைகளிற் சுடப்பட்டவை, சொங் வம்சத்துக் காலத்தவை, கி.பி. 11 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 12 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்தவை என்பது தெரிய வந்தது. அக்காலத்தில் நான் இளம் ஆசிரியன். சில ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்தில் ஒரு விரிவுரைக்குப் போயிருந்தேன். பேச்சாளர் மேசைமீது ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் சில துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். கிட்டப்போய்ப் பார்த்தேன். வெள்ளை, இளம்பச்சை, விளிம்பில் வழிந்து தடித்த மெருகு. என் கெந்திச் சில்லுகள்!

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை என்று சொன்னால் மிகையாகாது. தொள்ளாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்த பொருளை, ஒரு பால்மாப் பேணிக்காக நான் கிணற்றடிச் சேற்றில் மிதித்திருக்கிறேன். ஆயினும் இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். அந்தப் பிட்டியில் அவை இருக்கின்றன என்பதை ஊரில் அறிந்திருந்தவர்கள் பிள்ளைகள் மட்டுமே. எந்த மழைக்கு எந்த இடத்தில் எந்த நிறச் சில்லு வரும் என்பதுகூட எங்களுக்குத் தெரியும். எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

சீனச் சட்டி எங்கள் கரைக்கு ஏன் வந்தது என்ற கேள்விக்கு விடை தேடுவோர் நயினாதீவுக்குப் போக வேண்டும். குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் அதிக நேரம் செல்லாது. அங்கே நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து 1153 தொடக்கம் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை வாசித்து 1963 ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டார். கல்லின் தொடக்கப் பகுதி சிதைந்து போயிற்று. எஞ்சியிருப்பதோ அருமையான செய்தி.

பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பளிக்க வேண்டும், பல துறைகளிலிருந்தும் வந்து அவர்கள் இத்துறையிற் கூட வேண்டும் என்பது ஆணையின் முதற் கருத்து. அடுத்து வருவது கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்ற விடயம். யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றைய சரக்கு ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. யானை குதிரைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? தமக்கு அவற்றின்மேல் விருப்பமுண்டு என்று மன்னன் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறான்! அரச ஆணைகளில் இப்படி மனம் திறந்த ஒரு வரியை நான் வேறெங்கும் கண்டதில்லை. போருக்கு ஆயத்தமாகும் மன்னனுக்குக் குதிரை வந்து சேர்வதே பெரிது. குதிரை வணிகன் ஒருமுறை நட்டப்பட்டால் மறுமுறை வேறு துறைக்குப் போய்விடுவான் என்ற கணக்கும் அந்த விருப்பத்துக்குள் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. அதே நூற்றாண்டில், சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டும் இந்தத் துறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பராக்கிரமபாகு கப்பல்களையும் படைகளையும் திரட்டிய இடங்களுள் ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் ஆகியன அங்கே வருகின்றன. ஆகவே இரு கரையாரும் அறிந்த துறை அது. பிற்காலத்தில் போர்த்துக்கேயர் வந்தபோது யானை உள்ளே வரவில்லை, வெளியே போயிற்று. வன்னியிற் பிடித்த யானைகளைக் கப்பலேற்றிய அந்தத் துறைமேடையை அவர்கள் தம் மொழியில் அழைத்த சொல்லே திரிந்து 'கயிற்ஸ்' என்று இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகிறது.

பொலன்னறுவை மன்னன் ஏன் தமிழில் எழுதுவித்தான் என்று சிலர் வியப்பார்கள். வியப்பதற்கு ஒன்றுமில்லை. சட்டம் யாருக்கோ அவர் வாசிக்கும் மொழியிலே எழுதப்பட்டது. காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்லும் அப்படியே. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு வந்த அந்தக் கல் 1409 ஆம் ஆண்டுக் காலத்தைக் கொண்டது. அதில் சீனமும் பாரசீகமும் தமிழும் உள்ளன. 1911 ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு மதகின்மேல் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தபோது, பொறியியலாளர் ஒருவரின் கண்ணிற் பட்டது. இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது.

மதகு மூடியாகக் கிடந்ததே என்று வருந்துவோர் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. எழுத்துப் பக்கம் கவிழ்ந்து கிடந்தபடியாற்றான் அது தேயாமல் எஞ்சியது. நயினாதீவுக் கல்லையும் இப்படித்தான் பார்க்கிறேன். ஆணை பேசுவது ஊராத்துறையைப் பற்றி. கல் இருப்பதோ கடலுக்கு அப்பால் வேறொரு தீவில். தீவகத்திற் கருங்கல் விளைவதில்லை. முருகைக்கல்லும் சுண்ணக்கல்லுமே எங்கள் செல்வம். எழுத்துப் பொறிக்கத்தக்க நல்ல பலகைக்கல் ஒன்று கண்ணிற் பட்டால் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போக எவரும் தயங்கியிரார். அதை வாசிக்கத் தெரியாதவர்களும் கோயிற் கல் என்று மதித்தார்கள். அந்த மதிப்பே அதற்குக் காவலாயிற்று. படித்தவர்கள் காத்ததைவிட, பயன்படுத்தியவர்கள் காத்தது எங்கள் நாட்டில் அதிகம். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் ஓரிரவில் அழிந்தன. அந்த இரவிலும் நயினாதீவில் அந்தக் கல் தன் இடத்திலேயே இருந்தது.

ஆனால் மக்கள் பயன்படுத்திக் காக்க வேண்டுமானால் மக்கள் அங்கே இருக்க வேண்டும். 1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது எங்கள் ஊர் ஒரே நாளில் வெறுமையாயிற்று. அம்மா இரண்டு பொருட்களைத்தான் எடுத்தார்: ஒன்று பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், மற்றது காணி உறுதிகள். 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் அல்லைப்பிட்டியார் மறுபடியும் ஓடினார்கள். இந்த ஆண்டுகளில் தொல்லியலும் அகதியாயிற்று என்றே சொல்ல வேண்டும். கார்ஸ்வெல் குழுவினர் 1980 முதல் 1984 வரை மாதோட்டத்தில் அகழ்ந்தார்கள். போர் காரணமாக வேலை நின்றது. அதன் அறிக்கை நூலாக வெளிவந்தது 2013 ஆம் ஆண்டில். அல்லைப்பிட்டியில் 2018 ஆம் ஆண்டு ஷங்ஹாய் நூதனசாலையினரும் எங்கள் நாட்டு மத்திய கலாசார நிதியத்தினரும் சேர்ந்து அகழ்ந்து, மறுபடியும் சொங் காலத்துப் பீங்கான்களை எடுத்தார்கள்.

நான் ஊர் திரும்பியது போர் முடிந்த பின்னர். வளவு பற்றையாகிக் கிடந்தது. கிணறு தூர்ந்திருந்தது. வடலிகள் பனைகளாகிவிட்டன. எல்லை தெரியவில்லை. உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் உறுதிகளில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் இருக்கும். பரப்பளவை 'லாச்சம் வரகுவிளைவு' என்று எழுதியிருப்பார்கள். பதினாறு லாச்சம் சேர்ந்தால் ஓர் ஏக்கர். நெற்காணிக்கு வேறு கணக்கு. அங்கே இருபத்துநான்கு லாச்சம். என் பிள்ளைகள் வரகை அரிசிக் கடையிலும் கண்டதில்லை. ஆனால் அவர்களுக்கு உரித்தான காணி வரகால் அளக்கப்பட்டிருக்கிறது. ஒல்லாந்தர் எழுதிய தோம்புகளிலும் காணிகள் இப்படிப் பெயர் சொல்லியே பதியப்பட்டன. அதே ஒல்லாந்தர் வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டிப் பார்த்தார்கள். ஆங்கிலப் படத்தில் டெல்வ்ற் மட்டும் நிலைத்தது. வள்ளத்தில் ஏறும் ஆச்சியின் வாயில் ஒன்றுமே நிலைக்கவில்லை.

ஆச்சி என்றதும் நான் சொல்ல வந்த விடயம் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரில் எண்பதைக் கடந்த ஓர் ஆச்சி திரும்பி வந்திருந்தார். உறுதி பார்க்காமலே எந்தக் காணிக்கு என்ன பெயர், எதற்கு எது எல்லை என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். பாடசாலையிற் படிக்கும் ஆறேழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு பயிற்சிக் கொப்பியுடன், சனிக்கிழமைகளில் அவர் பின்னால் நடந்தோம். அவர் பொல்லை நிலத்தில் ஊன்றிப் பெயரைச் சொல்வார், பிள்ளைகள் எழுதுவார்கள். சுவாமி ஞானப்பிரகாசர் ஊரூராய்ப் போய் இடப்பெயர்களை ஆராய்ந்தவர். அவருக்குப் பின்னர் அந்த வேலையைச் செய்ய ஆட்கள் போதியளவு வரவில்லை என்பது என் மனக்குறை.

முதலில் ஆச்சிக்கு எங்கள்மேல் ஐயம். "உதெல்லாம் எழுதி ஆருக்கடா குடுக்கப் போறாய்? கச்சேரிக்கோ?" என்று கேட்டார்.

"ஒருத்தருக்கும் இல்லை ஆச்சி. பிள்ளையளுக்குத்தான்."

"பிள்ளையள் கனடாவிலெல்லோ இருக்குதுகள்" என்று சொல்லிச் சிரித்தார். ஆனாலும் நடந்தார்.

மணற்பிட்டிக்கு வந்ததும் பொல்லை ஊன்றி, "இது பண்டசாலையடி" என்றார். என் உறுதியில் அது 'பண்டிச்சாலையடி' என்று இருக்கிறது. நொத்தாரிசு காதிற் கேட்டபடி எழுதியிருப்பார். கூட வந்த பையன் ஒருவன் அதைப் 'பன்றிச்சாலையடி' என்று கொப்பியிற் பதிந்துவிட்டான். ஒரு பெயர் எத்தனை விரைவில் உருமாறுகிறது பாருங்கள். ஆச்சி சொன்னதே சரியென்றால் அது பண்டங்கள் வைத்த சாலை. சீனச் சில்லு கிடக்கும் பிட்டிக்குப் பண்டசாலையடி என்று பெயர்! மனம் துள்ளியது. ஆனால் இங்கே அவதானமாக இருக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்திலோ அதற்குப் பின்னரோ நெல் சேர்த்து வைத்த கொட்டிலாகவும் அது இருந்திருக்கலாம். எண்ணூறு ஆண்டுகளை ஒரே சொல்லாற் கட்டிவிட முடியாது.

அந்தப் பிட்டியின் மறுபாதி என் ஒன்றுவிட்ட தமையனாரின் மகனுக்குரியது. வெளிநாட்டிலிருந்து வந்து வீடு கட்டப் புறப்பட்டார். ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது பெக்கோ இயந்திரம் நின்றது. பிட்டியின் ஒரு பகுதி ஏற்கெனவே டிரக்டரில் ஏறி ஒழுங்கைப் பள்ளத்துக்குப் போய்விட்டது. வாளி கடித்த மண்சுவரில் வெள்ளையும் பச்சையுமாய்த் துண்டுகள் பல்லுப் போல நீட்டிக்கொண்டிருந்தன. பழைய பால்மாப் பேணி நினைவுக்கு வந்து நான் கத்தியேவிட்டேன். சாரதி பயந்துபோய் இயந்திரத்தை நிறுத்தினார்.

அன்று மாலை வாசிகசாலையிற் கூடினோம். நேயர்களே, ஊரவர் அறியாமையாற் பழம்பொருளை அழிக்கிறார்கள் என்று எழுதுவது எளிது. அன்று அங்கே பேசியவர்களிடம் நான் கண்டது அறியாமை அல்ல, அச்சம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவை அதன் காவலுக்குள் வரும். மண்ணிலிருந்து கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும், அப்பொருள் அரசுக்குரியது. சட்டம் நல்லது. ஆனால் இருபது ஆண்டுகள் தன் காணிக்குப் போக முடியாமல் இருந்தவனுக்கு அது எப்படிக் கேட்கும்?

"ஆமிக்காரன் விட்டிட்டுப் போன காணி. இனித் தொல்பொருள்காரன் வந்து கட்டை நட்டால் நாங்கள் எங்கை போறது மாஸ்ரர்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. பேசாமல் மூடிக் கட்டிவிடுவோம் என்றவர்களும் இருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன்: அந்த நேரத்தில் நானும் அதற்குத் தலையாட்டினேன்.

எங்கள் ஊரிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தொல்லியல் படித்த பெண் ஒருத்திதான் எங்களைத் திருத்தினாள். அவள் சட்டத்தை முதலிற் பேசவில்லை. வீட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தாள். அத்திவாரத்தை ஒழுங்கைப் பக்கமாகச் சில யார் தள்ளினால் பிட்டியின் எஞ்சிய பகுதி தப்பும் என்றாள். வீட்டுக்காரரின் மனைவிக்கு அது பிடித்தது; கிணற்றடி கிட்டவாக வரும். தவிர்க்க முடியாத மூன்று குழிகளைப் பெக்கோவால் அல்லாமல் கையால், மண்வெட்டி கொண்டு, சாண் சாணாக வெட்டுவதென்று உடன்பட்டார்கள். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கடகம். அந்தக் கடகத்து மண்ணைப் பிள்ளைகள் அரிதட்டில் அரித்து, கிடைத்ததைத் தனிப் பையில் இட்டு, குழி எது, ஆழம் எவ்வளவு என்று சீட்டு எழுதிப் போட்டார்கள். "துண்டு பெரிசில்லை மாமா; அது எந்த ஆழத்திலை, எதோடை கிடந்தது எண்டதுதான் பெரிசு. பேணியிலை சேர்த்தால் அது வெறும் சில்லு" என்றாள். நான் அவளுக்குப் பேணிக் கதையைச் சொல்லியிருக்கவில்லை.

திணைக்களத்துக்குக் கடிதமும் எழுதச் செய்தாள். அந்தக் கடிதத்தில் வீட்டுக்காரர் கையெழுத்திட ஏழு மாதம் சென்றது. கடிதம் போயிற்று. காணி போகவில்லை. வீடு நிற்கிறது. எல்லார்க்கும் இப்படியே நடக்கும் என்று உறுதி சொல்ல நான் யார்? ஊரின் பெயரை இவ்வளவு நேரமும் சொல்லாமல் விட்டதற்கும் காரணமுண்டு. புதையல் தோண்டித் திரிபவர்கள் வானொலி கேட்பதில்லை என்று யாரும் எனக்கு வாக்குறுதி தரவில்லை.

உறுதிகளையும் பழைய கணக்குக் கொப்பிகளையும் படமெடுத்து வைக்கும் வேலையும் தொடங்கியிருக்கிறது. 2005 ஆம் ஆண்டிலிருந்து நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் கணினியில் எவரும் பார்க்கத்தக்கதாக ஏற்றி வருவதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் கொப்பி அவ்வளவு பெரிதன்று. ஊரின் கிழக்குப் பகுதி முழுவதையும் ஆச்சியோடு நடந்து முடித்தோம். மேற்கே வயற்கரைப் பக்கம் நாலு காணி மிச்சம். மழை பிடித்துவிட்டது; தை பிறந்ததும் போவோம் என்றிருந்தோம். மார்கழிக் கடைசியில் ஆச்சி காலமானார்.

செத்தவீட்டில் அவருடைய மகள் கனடாவிலிருந்து தொலைபேசியிற் பேசினாள். அழுது முடிந்த பிறகு நான் தயங்கித் தயங்கி அந்த நாலு காணிகளைப் பற்றிக் கேட்டேன். கேட்கக் கூடாத நேரம் என்று தெரிந்தும் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஒண்டு தெரியும் அண்ணை. அம்மா ஆடு கட்டுற காணி. அதை நாங்கள் தாழையடி எண்டு சொல்லுறனாங்கள்" என்றாள்.

கொப்பியில் அதை எழுதிவிட்டோம். மற்ற மூன்று வரிகளிலும் எல்லை மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. தீவகத்தின் பழைய உறுதிகளை வைத்திருப்பவர்கள், எந்த நாட்டில் இருந்தாலும், பெட்டியைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.